பின்வீட்டுப் பப்பும் எங்கள் ஜன்னலும்

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பப் இருக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் "கொடுத்து வைத்த ஜென்மம்" என்கிறார்கள். நாகர்கோவிலில் இருந்து மாமா போன் செய்தால் "அங்கயும் டாஸ்மாக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். இரண்டு தரப்புக்கும் என்னிடம் ஒரே பதில்தான். பப்பால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பப்புக்கு வெளியே நிற்கிறவர்களால்தான் எல்லாமே.

மாமாவுக்காக முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். நாங்கள் இருப்பது அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகரத்தில். இங்கே பப் என்பது டாஸ்மாக் பார் அல்ல. தாத்தாக்கள் மத்தியானம் பேப்பர் படிப்பது அங்கேதான். துக்க வீட்டில் இருந்து திரும்புகிறவர்கள் சாப்பிடுவது அங்கேதான். ஞானஸ்நானம் முடிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் முதல் செய்தி அங்கே இருந்துதான் வரும். ஆகவே "பப்பை மூடு" என்று யாராவது கொடி பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்படி ஒரு எண்ணம் எனக்கும் இல்லை.

இப்போது வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. அம்மா நர்ஸ். முதலில் அவர் மட்டும் வந்து, வேலையில் சேர்ந்து, வீடு பார்த்து, 2017 ஆகஸ்டில் அப்பாவையும் என்னையும் தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டார். அப்போது எனக்கு 13 வயது, தம்பிக்கு 4. அப்பா இங்கே பஸ் ஓட்டுகிறார். வீடு ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டிய பழைய வரிசை வீடு. பின்னால் நாலு எட்டில் முடிந்துவிடும் முற்றம், அதன் எல்லையில் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் பப்பின் பின்முற்றம். மாடியில் பின்பக்கம் இரண்டு அறைகள். ஒன்று அம்மா அப்பாவுக்கு, ஒன்று தம்பிக்கு. முன்பக்கத்துக் குட்டி அறை எனக்கு. அதில் கட்டில் போட்டால் மேஜை போட முடியாது. அதனால் நான் படிப்பது தம்பியின் அறையில். இந்தக் கதையில் மூக்கும் காதும் பெரும்பாலும் அவர்களுடையவை. கணக்கு மட்டும் என்னுடையது.

இந்த ஊர் வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. படுக்கை அறைச் சுவரில், உயரத்தில், ஒரு துளை இருக்கும். காற்றோட்டத்துக்காக வைத்தது. உள்ளே ஒரு சல்லடை, வெளியே ஒரு சல்லடை, நடுவில் வானம். குளிரும் ஈரமும் உள்ள நாடு, துளை இல்லாவிட்டால் சுவர் பூஞ்சை பிடித்துவிடும். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் துளை திறந்தேதான் இருக்கும். சிகரெட் புகைக்கு இது தெரியும் :-)

தம்பி ஒருமுறை தன் பழைய சாக்ஸ் இரண்டைச் சுருட்டி அதில் திணித்தான். புகை நின்றது. ஒரே மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை வந்தது. அவனுக்கு வீசிங் உண்டு. புகையும் ஆகாது, பூஞ்சையும் ஆகாது. சாக்ஸை எடுத்துவிட்டோம்.

புகை எப்படி பப்புக்குள் இருந்து எங்கள் சுவருக்கு வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2004 மார்ச் 29 அன்று, வேலை நடக்கும் எல்லா மூடிய இடங்களிலும் புகைபிடிப்பதை நாடு முழுக்கத் தடை செய்தது அயர்லாந்து. உலகத்திலேயே அப்படிச் செய்த முதல் நாடு. அப்போது சுகாதார அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் மீஹால் மார்ட்டின், எங்கள் கார்க்காரர், பின்னாளில் பிரதமரும் ஆனவர். (இந்தியாவில் பொது இடத் தடை விதிகள் 2008 அக்டோபர் 2-இல் வந்தன.) அந்தச் சட்டத்தில் நான் அடிக்கோடிடுவது "வேலை" என்ற சொல்லை. அது குடிக்க வருகிறவரின் நுரையீரலுக்காகப் போட்ட சட்டம் அல்ல. எட்டு மணி நேரம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிறர் விட்ட புகையை இழுத்தே ஆக வேண்டிய ஊழியரின் நுரையீரலுக்காகப் போட்டது. மிக நல்ல சட்டம். அம்மாவைக் கேட்டால் இந்த நாட்டில் தனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான் என்பார்.

ஆனால் புகை எங்காவது போக வேண்டுமே. சட்டம் ஒரு வழி விட்டது. கூரை இல்லாத இடத்தில் புகைக்கலாம். கூரை இருந்தாலும், சுற்றளவில் பாதிக்கு மேல் சுவரால் அடைபடாமல் இருந்தால் புகைக்கலாம். அவ்வளவுதான், நாடு முழுக்க பப்களின் பின்முற்றத்தில் பாதி திறந்த கொட்டகைகள் முளைத்தன. வெளியே போய்ப் புகைப்பதே ஒரு கலாசாரம் ஆகிவிட்டது. புகைத்துக்கொண்டே கடலை போடுவதற்கு "ஸ்மர்ட்டிங்" என்று புதுச்சொல்லே வந்தது. புகைக்காதவர்கள்கூட சுவாரசியமான பேச்சு வெளியேதான் நடக்கிறது என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறார்கள். கொட்டகையின் திறந்த பாதி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் யாருடைய ஜன்னல் இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பாதிக் கணக்குக்குக் கவலை இல்லை.

எங்களுக்கு 2021 வரை பெரிய தொந்தரவு இல்லை. பின்முற்றத்தில் ஒரு பழைய பீப்பாய், அதன் மேல் மணல் போட்ட வாளி, மழையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் நாலு பேர். சீக்கிரம் இழுத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். பிறகு கொரோனா. 2020 மார்ச் 15-இல் பப்கள் மூடின. இடையில் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 2021 ஜூன் 7-இல் "வெளியே மட்டும் உட்காரலாம்" என்று அனுமதி வந்தது. வெளியே இடம் இருக்கிற பப் பிழைத்தது. பின்வீட்டுக்காரரும் பிழைக்க வேண்டும் அல்லவா? பீப்பாய் போனது. கூரை வந்தது, பெஞ்சுகள் வந்தன, தொங்கும் விளக்குகள் வந்தன, தலைக்கு மேல் சிவப்பாக எரியும் ஹீட்டர்கள் வந்தன. மழையும் குளிரும் இல்லை என்றால் யார் உள்ளே ஓடப் போகிறார்கள்? இரண்டு நிமிடத்தில் முடிந்த சிகரெட் இரண்டு மணி நேரம் ஆனது.

இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை 11.30-க்கும், வெள்ளி சனியில் 12.30-க்கும் விற்பனையை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் கையில் இருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை எல்லாரும் பின்முற்றத்தில் கழிப்பார்கள். அப்புறம் விளக்கு அணையும். 'சரி, தூங்கலாம்' என்று நினைக்கும்போதுதான் அன்றைய காலி பாட்டில்களை ஒரு பையன் தொட்டிக்குள் கவிழ்ப்பான். கண்ணாடிக் கடை ஒன்று மாடிப்படியில் உருண்டு விழுகிற சத்தம். தம்பி தினமும் எழுந்து உட்காருவான். உட்கார்ந்தால் இருமல். இருமினால் நீல இன்ஹேலர்.

வேறு வீடு பார்க்கலாமே என்பீர்கள். அயர்லாந்தில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை ஏற்ற ஒரு வரம்பு இருக்கிறது. நாங்கள் 2017-இல் வந்தவர்கள். இந்த வீட்டை விட்டால் இன்றைய விலைக்குத்தான் வேறு வீடு. அதற்கும் வாசலில் வரிசை நிற்கும். வீட்டு உரிமையாளரிடம் அப்பா சொல்லிப் பார்த்தார். "அது உங்களுக்கும் பப்புக்கும் இடையே உள்ள விஷயம்" என்று முடித்துக்கொண்டார்.

2025 ஜனவரியில் ஒரு இரவு தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. நெபுலைசர் வைத்து, விடியும் நேரத்தில் அனுப்பினார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. அப்பா மட்டும் வீட்டு வாசலில் இறங்கி, "இனி கோர்ட்டுதான்" என்றார்.

கோர்ட்டுக்குப் போக ஒரு வழி இருந்தது. 1992-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைச் சட்டம், 108-ஆம் பிரிவு. சத்தத்தால் தொல்லைப்படும் யாரும், வக்கீல் இல்லாமலே, மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடலாம். எதிர்த் தரப்புக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இத்தனை டெசிபல் என்று வரையறை எல்லாம் கிடையாது. சத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்தப் பொழுதில், எத்தனை முறை என்பதை வைத்து நீதிபதி முடிவு செய்வார். அதனால் தொல்லைப்படுகிறவர் நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது சத்தத்தைப் பற்றி. எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது புகை.

இன்னொரு வழியும் உண்டு. இங்கே பப் லைசென்ஸ் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30-உடன் முடிந்துவிடும். புதுப்பிக்கும் சமயத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இது பெரிய ஆயுதம். ஒரு மனிதரின் பிழைப்பின் மேலேயே கை வைப்பது.

அம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "வேண்டாம் மக்களே. ஒஃபீலியா வந்த அன்னைக்கு யாரு வெந்நீர் தந்தா?" என்றார். 2017 அக்டோபர் 16. நாங்கள் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒஃபீலியா புயல் கார்க்கைப் புரட்டிப்போட்டது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டில் அடுப்பு, ஹீட்டர் எல்லாமே கரண்ட்டில் ஓடுபவை. பப்பில் காஸ் அடுப்பு இருந்தது. யாரும் கேட்காமலே அந்த மனிதர் சுவருக்கு மேலாக பிளாஸ்கில் வெந்நீரும், ஒரு பாத்திரத்தில் சூப்பும் நீட்டினார். தம்பிக்குப் பால் கலக்கியது அந்தத் தண்ணீரில்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் "பப்புக்கார அண்ணன்".

"அதுக்காக ஆயுசு முழுக்க புகை குடிக்கணுமா?" என்றார் அப்பா.

இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள். கணக்கியலில் ஒரு விதி உண்டு. வரவேண்டியதையும் தரவேண்டியதையும் ஒன்றோடொன்று கழித்து, மிச்சத்தை மட்டும் ஐந்தொகையில் காட்டக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் காட்ட வேண்டும். வெந்நீர் ஒரு கணக்கு, புகை வேறு கணக்கு. நான் அப்படித்தான் வாதாடினேன். வீட்டில் யாருக்கும் ஐந்தொகை புரியவில்லை என்றாலும், "முதலில் ஆறு வாரம் எழுதி வைக்கிறேன், பிறகு முடிவு செய்யலாம்" என்றதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஜனவரி 27 திங்கள் முதல் மார்ச் 9 ஞாயிறு வரை, 42 இரவுகள். ஒரு பேரேட்டு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், காற்று எந்தத் திசை, அறையில் புகை உண்டா, நள்ளிரவுக்கு மேல் பேச்சுச் சத்தம், பாட்டில், இன்ஹேலர். 26 இரவுகளில் புகை உள்ளே வந்தது. 38 இரவுகளில் பாட்டில். 11 இரவுகளில் நள்ளிரவுக்கு மேல் உரத்த பேச்சு, அத்தனையும் வெள்ளி சனி. 9 இரவுகளில் இன்ஹேலர்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. கூட்டம் அதிகமாக இருக்கும் சனிக்கிழமைதான் மோசமான நாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். இன்ஹேலர் எடுத்த ஒன்பதில் ஏழு இரவுகள் வார நாட்கள். ஏன் என்று ஜன்னலில் நின்று பார்த்தால்தான் தெரிந்தது. சனிக்கிழமை எல்லா ஹீட்டரும் எரியும், ஜனங்கள் முற்றம் முழுக்கப் பரவி நிற்பார்கள். வார நாளில் பத்துப் பேருக்காக எல்லாவற்றையும் எரிக்க மாட்டார்கள், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் போடுவார்கள். அந்த ஒன்று எங்கள் சுவரை ஒட்டி இருந்தது. மழைக்காலத்து ஈரக் காற்று இங்கே தென்மேற்கில் இருந்து வரும். பப் எங்களுக்குத் தென்மேற்கே. பத்துப் பேர் ஒரே மூலையில் நின்று விடும் புகை நேராகத் துளைக்கு வந்தது. எங்கள் எதிரி கூட்டமே அல்ல, ஒரே ஒரு ஹீட்டர்.

இந்த நேரத்தில்தான் வகுப்பில் ரொனால்டு கோஸ் வந்தார். 1960-இல் அவர் எழுதிய "சமூகச் செலவு என்னும் பிரச்சினை" என்ற கட்டுரைதான் பிறகு 1991-இல் அவருக்குக் கிடைத்த நோபலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அவருக்கு முன்னால், 1920-இல், பிகூ என்பவர் சொன்னது எளிமையானது: ஒருவர் பிறருக்குக் கேடு விளைவித்தால் அந்தக் கேட்டின் அளவுக்கு வரி போடு. கோஸ் அதைத் திருப்பிப் போட்டார். கேடு எப்போதுமே இரண்டு பக்கத்தது. உனக்குத் தொல்லை வராமல் தடுத்தால் அவனுக்கு நஷ்டம். எது குறைந்த நஷ்டம், இருவரும் பேசித் தீர்க்க வழி உண்டா என்று பார்.

அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று 1879-ஆம் ஆண்டு லண்டன் வழக்கு. ஒரு மிட்டாய்க் கடைக்காரர். அவரிடம் இரண்டு உரல்கள். ஒன்று அதே இடத்தில் 60 ஆண்டுகளுக்கு மேலாகவும் மற்றது 26 ஆண்டுகளுக்கு மேலாகவும் இடிபட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு டாக்டர் குடிவந்தார். எட்டு வருஷம் ஒரு சண்டையும் இல்லை. பிறகு டாக்டர் தோட்டக் கோடியில், உரல் இருந்த சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சுத்துடிப்புக்குப் பதில் உலக்கைச் சத்தம். (ஸ்டெதஸ்கோப் என் கற்பனை, ஆனால் நெஞ்சைச் சோதிக்க முடியவில்லை என்பது வழக்கில் இருப்பதுதான்.) வழக்குப் போட்டார், ஜெயித்தார். "நான் முதலில் வந்தவன்" என்ற மிட்டாய்க்காரரின் வாதம் எடுபடவில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "பாவம், பலகாரம் போடுறவரு. டாக்டர் அறைய இந்தப் பக்கம் மாத்திக் கெட்டியிருக்கலாம்லா?" என்றார். கோஸ் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான். கோர்ட்டில் யார் ஜெயித்தாலும், அறையை மாற்றுவது மலிவா, உரலை மாற்றுவது மலிவா என்று இருவரும் பேசிக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். பேசிக்கொள்வதற்கு ஆகும் சிரமம் பெரிதாக இல்லாத வரைக்கும். அம்மா பிளஸ் டூவுக்குப் பிறகு பொருளாதாரம் பக்கம் போனதே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நோட்டோடு போனேன். 108-ஆம் பிரிவுப் படிவத்தையும் நிரப்பிப் பையில் வைத்திருந்தேன். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எட்டு வருஷம் ஆகியும் எனக்கு அது வாயில் வராது, ஆகவே வழக்கம்போல எந்தப் பெயரும் சொல்லாமல் "ஹலோ" என்றேன். அவர் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தார். "17-ஆம் தேதி வரை என்னிடம் எதுவும் கேட்காதே, 18-ஆம் தேதி வா" என்றார். புனித பாட்ரிக் தினத்துக்கு ஆறு நாள் இருந்தது. நியாயம்தான்.

18-ஆம் தேதி போனபோது டீ போட்டுக் கொடுத்து உட்காரவைத்தார். நோட்டை முதல் பக்கத்தில் இருந்து புரட்டினார். இடையில் ஒருமுறை, "பப் இருப்பது தெரிந்துதானே வீடு எடுத்தீர்கள்?" என்றார். "நாங்கள் வந்தபோது பீப்பாயும் வாளியும் இருந்தன" என்றேன். சிரிக்கவில்லை. "அந்த ஹீட்டர்கள் இல்லாவிட்டால் 2021-இல் நான் கடையை மூடியிருப்பேன்" என்றார். அதுவும் உண்மைதான். இன்ஹேலர் கட்டத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு, "இது அந்தக் குட்டிப் பையனா?" என்று கேட்டார். பால் கலக்கிய குட்டிப் பையன் அவருக்கு இன்னும் நாலு வயதில்தான் இருந்தான்.

ஹீட்டர் விஷயத்தைக் காட்டினேன். எழுந்து பின்முற்றத்துக்குப் போனோம். கதவுப் பக்கத்து ஹீட்டரையும் சாம்பல் தொட்டியையும் எதிர்க் கோடிக்கு, ஜன்னலே இல்லாத ஒரு பழைய கிடங்கின் சுவர்ப் பக்கம், மாற்ற முடியுமா? "எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலி" என்றார், அவ்வளவுதான். புகைக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதை முடிவு செய்வது சூடும் சாம்பல் தொட்டியும்தான். அவற்றை நகர்த்தினால் ஆட்களும் நகர்வார்கள்.

பாட்டில்தான் சிக்கல். "இரவில் வேண்டாம், காலை 10 மணிக்குக் கொட்டச் சொல்கிறேன்" என்றார். தம்பிக்குச் சரி. ஆனால் அம்மாவுக்கு நைட் ட்யூட்டி வாரங்களில் காலை 9.30-க்குத்தான் இரவே ஆரம்பிக்கும். 10 மணிக்கு அம்மா எழுந்தால் பிறகு தூக்கமில்லாமல் 12 மணி நேரம் வார்டில் நிற்க வேண்டும். பாட்டில் சத்தத்தை யாருடைய தூக்கத்தின் மேல் போடுவது? கோஸ் சொன்ன இரு பக்கக் கேடு இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சற்று யோசித்துவிட்டு அவர், "உன் அம்மாவின் ரோஸ்டரைக் கொடு" என்றார். நைட் வாரத்தில் மாலை 6 மணிக்கு, மற்ற வாரங்களில் காலை 10 மணிக்கு.

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. வீட்டுப் பொம்பளை எப்போது வேலைக்குப் போகிறாள் எப்போது தூங்குகிறாள் என்று பப் சுவரில் ஒட்டுவதா? எனக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. பெயரை வெட்டிவிட்டு தேதிகளை மட்டும் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆஸ்பத்திரில என் ரோஸ்டர நூறு பேரு பாக்காங்க. தொங்கட்டும், என்ன இப்போ?" இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்கிறோம். பாட்டில் கொட்டும் பையனுக்குத் தெரிவதற்காக, அம்பு எறியும் பலகைக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறார்கள்.

பதிலுக்கு அவர் கேட்டது இரண்டு. மார்ச் 17-ஆம் தேதியையும் ஹர்லிங் இறுதிப் போட்டி நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன். படிவம் பையை விட்டு வெளியே வரவில்லை. அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்றால், செப்டம்பர் 30 அவருக்குத் தெரியாத தேதி அல்ல. அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

ஹர்லிங் சலுகை வீணாகத்தான் போனது. 2024 இறுதிப் போட்டியில் கார்க் ஒரே ஒரு புள்ளியில் கிளேரிடம் தோற்றிருந்தது. 2025 ஜூலை 20-இல் இடைவேளை வரை முன்னணியில் இருந்துவிட்டு டிப்பரரியிடம் கவிழ்ந்தது. முதல் பாதியில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாம் பாதியில் அத்தனை பேரும் வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், வரிசையாக நின்று புகைத்தார்கள். இவ்வளவு அமைதியான சத்தக் கேட்டை நான் பார்த்ததில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கும் காலத்தில் மீண்டும் 42 இரவுகள் எழுதினேன். செப்டம்பர் 29 முதல் நவம்பர் 9 வரை. புகை 26-இல் இருந்து 11 ஆகியிருந்தது. இன்ஹேலர் 9-இல் இருந்து 3. இரவில் பாட்டில் நாலே முறை, அதுவும் புதிதாகச் சேர்ந்த ஒருவர் செய்தது. நள்ளிரவுப் பேச்சு முன்பு 11, இப்போது 10. குடித்தவர்கள் வெள்ளிக்கிழமை இரவில் மெதுவாகப் பேசுவதற்கு ஹீட்டரை எங்கே நகர்த்தினாலும் வழி பிறக்காது. "அக்கம்பக்கத்தாரை மதிக்கவும்" என்று அவர் ஒரு பலகை வைத்தார். அதன் கீழே நின்றுதான் பாடுகிறார்கள். அப்பா துளைக்கு வெளியே மழை மூடி போல ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார், கீழ்நோக்கி வளைந்தது. மேற்படி எண்களில் அதற்கு எவ்வளவு பங்கு, ஹீட்டருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்பா முழுவதும் மூடிதான் என்கிறார்.

அப்பா இன்னும் 108-ஐ மறக்கவில்லை. மூன்று இரவு இன்ஹேலர் என்பதும் மூன்று இரவுதானே என்கிறார். மறுக்க முடியவில்லை. படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வார இறுதிப் பேச்சுக்காக ஒரு நாள் அது தேவைப்படலாம்.

2025 டிசம்பர் 24 அம்மாவுக்கு நைட். கிறிஸ்துமஸ் அன்று இந்த நாட்டில் சட்டப்படியே பப்கள் மூடியிருக்கும். காலை வீட்டுக்கு வந்து படுத்தவர் மாலை 5 மணி வரை எழுந்திருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் கீழே பிரியாணியை வைத்துக்கொண்டு, தட்டுச் சத்தம் கேட்காமல் காத்திருந்தோம். ஜனவரி முதல் வாரம் அடுத்த ரோஸ்டரைக் கொடுக்க நான் போனேன். பழைய தாளைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். 24-ஆம் தேதிக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள்: "பாவம், கிறிஸ்துமஸுக்குமா நைட்?"